மெட்ரோவுக்குச் சான்றிதழ் தருபவர் யார்? அந்தச் சான்றிதழை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: புதிய மெட்ரோ பாதை திறக்கும் ஒவ்வொரு முறையும் "பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்தார், சான்றிதழுக்காகக் காத்திருக்கிறோம்" என்று செய்தி வருகிறது. இந்த ஆணையர் யாருடைய ஆள்? மெட்ரோ நிறுவனமா, மாநில அரசா, ரயில்வேயா? அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் பயமில்லாமல் ஏறலாமா?

நீங்கள் சொன்ன மூவரில் யாருடைய ஆளும் இல்லை. அவருடைய அலுவலகம் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. பயமில்லாமல் ஏறலாமா என்றால், தாராளமாக ஏறலாம். ஆனால் அந்தக் கையெழுத்து, திறப்பு சமயத்தில் தடமும் ரயிலும் சிக்னலும் எப்படி இருந்தன என்பதைப் பற்றியது. அடுத்த இருபது முப்பது வருடம் அதே தரத்தில் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள் என்பது வேறு கேள்வி. நம் ஏற்பாட்டில் பலவீனமான இடம் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விமானத் துறைக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் ரயில்வே ஆய்வாளர்கள் இருந்தார்கள். புதுப் பாதையைத் திறக்கலாமா என்று பார்ப்பது, விபத்து நடந்தால் விசாரிப்பது இரண்டும் அவர்கள் வேலை. 1905-இல் ரயில்வே வாரியம் வந்ததும் அவர்களை அதன் கீழேயே வைத்துவிட்டார்கள். ரயிலை ஓட்டுகிற வாரியமே, ரயில் ஏன் கவிழ்ந்தது என்று விசாரிப்பவரின் பதவி உயர்வையும் முடிவு செய்யும் நிலை. 1937 ஜூலையில் பாட்னா பக்கத்தில் பிஹ்டாவில் ஒரு விரைவு ரயில் தடம் புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்பிருந்தே 'பசிபிக்' ரக நீராவி எஞ்சின்கள் வேகமாக ஓடும்போது ஆடி, தடத்தையே வளைக்கின்றன என்ற புகார் இருந்தது. அதை ஆராய அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்க, பிரிட்டனின் தலைமை ரயில்வே ஆய்வாளரான கர்னல் மவுன்ட்டை வரவழைத்தார்கள். எஞ்சினைப் பற்றிப் பேச வந்த அந்தக் குழு, போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனது: ஆய்வாளர்கள் ரயில்வே வாரியத்துக்கு அடங்கி இருப்பது சரியில்லை, பிரித்து வையுங்கள்.

1940-இல் மத்திய சட்டசபை அதை ஏற்றது. 1941 மே மாதம் ஆய்வாளர்கள் தபால், விமானத் துறையின் கீழ் போனார்கள். அன்றைக்கு ரயில்வேக்கு வெளியே இருந்த, கொஞ்சமாவது போக்குவரத்து வாடை அடிக்கிற துறை அதுதான் போல. 1961-இல் 'ரயில்வே பாதுகாப்பு ஆணையம்' என்று பெயர் மாறியது, 1967-இல் சுற்றுலா, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வந்தது. தலைமையகம் லக்னோ. தென்னக வட்டத்தின் ஆணையர் அலுவலகம் பெங்களூருவில். ஆக, விமானத்தோடு சம்பந்தம் என்று எதுவும் இல்லை. ரயில்வே அமைச்சரிடம் சம்பளம் வாங்கக் கூடாது என்பது மட்டும்தான் இதன் நோக்கம். எண்பது வருடத்துக்கு முன் எடுத்த அந்த முடிவு, இன்றைக்கு மெட்ரோவுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது. ஏன் என்றால், சென்னை மெட்ரோ நிறுவனத்தில் மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் சரிபாதிப் பங்குதாரர்கள். மத்திய அரசின் பங்கைப் பார்த்துக்கொள்வது வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம். ரயில் பெட்டி, தடம், சிக்னல் ஆகியவற்றின் தொழில்நுட்பத் தரத்துக்கு ஒப்புதல் தருவது ரயில்வே அமைச்சகம். திறக்கலாம் என்று சொல்வது விமான அமைச்சகத்தின் கீழ் உள்ள ஆணையர். உரிமையாளர், அளவுகோல் வைப்பவர், அளந்து பார்ப்பவர் மூவரும் ஒரே அரசுக்குள் மூன்று வெவ்வேறு கட்டடங்களில் இருக்கிறார்கள். முழுச் சுதந்திரம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒருவர் இன்னொருவருக்குப் போன் போட்டு "முடித்துக் கொடுங்கள்" என்று சொல்வது சற்றுக் கடினம்.

சட்டம் எது? டெல்லி மெட்ரோவின் முதல் பாதை 2002 டிசம்பரில் திறந்தது. அதற்காகவே அந்த ஆண்டு டெல்லி மெட்ரோவுக்கென்று தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். 2009-இல் திருத்தி மற்ற நகரங்களுக்கும் பொருந்தும்படி செய்தார்கள். அதுதான் இன்றைக்கு 'மெட்ரோ ரயில்வே (இயக்கம், பராமரிப்பு) சட்டம், 2002'. அதன் 14-ஆம் பிரிவு ஒரே வரியில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் பயணிகளை ஏற்றக் கூடாது. அந்த அனுமதிக்கு ஆணையர் நேரில் பார்த்து, ஓடத் தகுதியானது என்று சொல்ல வேண்டும். முதலமைச்சர் தேதி குறித்திருந்தாலும் சரி, பிரதமர் கொடியசைக்க வருவதாக இருந்தாலும் சரி, அந்தக் காகிதம் இல்லாமல் கதவு திறக்காது.

இங்கே சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பரங்கிமலை நிலையத்தில் தாம்பரம் மின்சார ரயிலிலிருந்து இறங்கி மெட்ரோவுக்கு மாறினால், ஒரு சட்டத்திலிருந்து இன்னொரு சட்டத்துக்கு மாறுகிறீர்கள். மின்சார ரயிலும், பறக்கும் ரயிலும் தெற்கு ரயில்வேயுடையவை. அவற்றுக்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம். பக்கத்திலேயே தூண்கள் மேல் ஓடும் மெட்ரோவுக்கு 2002 சட்டம். பயணிக்கு இரண்டும் ரயில்தான்.

சரி, ஆய்வில் என்ன நடக்கிறது? செய்தித்தாள் படத்தில் தலைக்கவசம் போட்ட ஒருவர் டிராலியில் உட்கார்ந்து தடத்தைப் பார்த்துக்கொண்டே போவார். பார்ப்பவர்களுக்கு "இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்" என்று தோன்றும். அந்த இரண்டு மூன்று நாளுக்கு முன்னால் மாதக்கணக்கான வேலை முடிந்திருக்கும். நான் சிக்னல் பக்கம் வேலை பார்ப்பவன் என்பதால் இதில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரயில் பெட்டி. புது ரகப் பெட்டி வந்தால் லக்னோவிலிருந்து ஆர்.டி.எஸ்.ஓ. குழு வரும். ரயில்வேயின் ஆராய்ச்சி, தர நிர்ணய அமைப்பு அது. பெட்டிக்குள் அதிர்வு அளக்கும் கருவிகளைப் பொருத்தி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது, மேலும் கீழும் எவ்வளவு குலுங்குகிறது என்று பதிவாகும். காலியாக ஒரு முறை, முழுப் பாரத்தோடு ஒரு முறை. முழுப் பாரத்துக்கு ஆட்களை ஏற்ற முடியாது இல்லையா, அதனால் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். இருக்கைமேலும் தரையிலும் வரிசையாக மூட்டைகள், காலை எட்டரை மணிக் கூட்டத்தின் எடைக்கு ஈடாக. அப்புறம் அவசர பிரேக் சோதனை. காய்ந்த தண்டவாளத்தில் எத்தனை மீட்டரில் நிற்கிறது, தண்ணீர் ஊற்றி நனைத்த தண்டவாளத்தில் எத்தனை மீட்டர். இந்தத் தூரம் முக்கியம். சிக்னல் அமைப்பு இரண்டு ரயில்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. பிரேக் தூரம் தப்பென்றால் சிக்னல் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இன்றைய மெட்ரோ சிக்னல் என்பது பெரும்பாலும் மென்பொருள். டிராலியில் போய்ப் பார்த்து அதில் பிழை கண்டுபிடிக்க முடியாது. அதனால் தனியாக ஒரு மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு மதிப்பீட்டாளர், ஐ.எஸ்.ஏ. என்பார்கள், வடிவமைப்பிலிருந்தே கூட இருந்து ஒவ்வொரு ஆபத்தையும் பட்டியல் போட்டு, "இதற்கு என்ன தடுப்பு வைத்தீர்கள், சோதித்த ஆதாரம் எங்கே" என்று கேட்டுக்கொண்டே வருவார். கடைசியில் அவர் தரும் சான்றும் ஆணையரின் மேசைக்குப் போகும். உண்மையைச் சொன்னால், திறப்பு தள்ளிப்போகிற பல சமயங்களில் காரணம் கான்கிரீட்டும் இல்லை, தண்டவாளமும் இல்லை. மென்பொருளின் ஒரு பதிப்பு மாறியிருக்கும், மாறியதால் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும், சான்று வரத் தாமதமாகும். வெளியே இருப்பவர்கள் "தூண் எல்லாம் எழும்பி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் என்ன பண்றாங்க" என்பார்கள்.

ஆணையர் நேரில் வரும்போது இந்தக் காகிதங்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் வருவார். ரயில் வளைவில் சாயும்போது பெட்டியின் மூலை பிளாட்பாரத்திலோ சுரங்கச் சுவரிலோ உரசாமல் இருக்குமா, சுரங்கத்தில் புகை வந்தால் மின்விசிறிகள் எந்தப் பக்கம் தள்ளும், ரயில் நடுவில் நின்றால் பயணிகள் எந்த வழியாக நடந்து வெளியேறுவார்கள், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியுமா, இதெல்லாம் கேட்பார். நிலைய அதிகாரியைத் திடீரென்று நிறுத்தி, "இப்போ தீ அலாரம் அடிக்குது, என்ன செய்வீங்க?" என்று கேட்பது இந்த ஆய்வுகளில் சகஜம். அதற்குப் பயந்துதான் நிலைய ஊழியர்கள் இரவெல்லாம் படிப்பார்கள். அந்தப் பயம் நல்லதுதான்.

அதற்குப் பிறகு வருவது அனுமதிக் கடிதம். செய்தியில் "சான்றிதழ் கிடைத்தது" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். கடிதத்தைப் பார்த்தால் அனுமதி ஒரு பத்தி, நிபந்தனைகள் பல பக்கம். இவ்வளவு வேகத்துக்கு மேல் போகாதே, இந்த வளைவில் இவ்வளவுதான், இந்தக் குறையைத் திறப்பதற்கு முன் சரிசெய், இதை இத்தனை நாளுக்குள் சரிசெய்து தெரிவி. பாதுகாப்பு பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்த நிபந்தனைகளில்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள டெல்லி விமான நிலைய விரைவுப் பாதையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

புதுடெல்லி ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையம் வழியாகத் துவாரகா வரை போகும் அந்தப் பாதை 2011 பிப்ரவரியில் திறந்தது. தூண், பாலம், சுரங்கம் எல்லாம் கட்டியது டெல்லி மெட்ரோ. ரயில், மின்சாரம், சிக்னல் போட்டு இயக்கியது ரிலையன்ஸ் இன்ஃப்ராவின் துணை நிறுவனம். மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் ஓடுவதற்காகவே கட்டிய தடம். முறைப்படி சான்றிதழ் பெற்றுத்தான் ஓடியது. ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, 2012 ஜூலையில் சேவையை நிறுத்திவிட்டார்கள். மேம்பாலப் பகுதியில் தூணுக்கும், அதன்மேல் தடத்தைத் தாங்கும் கர்டர் என்ற உத்தரத்துக்கும் நடுவில் பாரத்தைத் தாங்கும் பேரிங்குகளில் பழுது, கர்டர்களில் விரிசல். முதல் சான்றிதழ் வழங்கியபோது இவை கண்ணில் படவில்லை. அன்றைக்கு இருந்தனவா, ஓட ஓட வந்தனவா என்பது தனி வாதம்.

பழுது பார்த்தார்கள். அதற்கிடையில் 2012 அக்டோபரில் ரிலையன்ஸ் தரப்பு "குறித்த காலத்துக்குள் குறைகளைச் சரிசெய்யவில்லை, ஒப்பந்தத்தை முறிக்கிறோம்" என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டது. பிறகு மறுதிறப்புக்கு இரண்டு தரப்பும் சேர்ந்தே ஆணையரிடம் விண்ணப்பித்தன. அவர் பார்த்துவிட்டு 2013 ஜனவரியில் அனுமதி கொடுத்தார், மணிக்கு 50 கி.மீ. வேகத்துக்கு. கர்டர்களைத் தொடர்ந்து பரிசோதித்து, எல்லாம் சரியாக இருந்தால் படிப்படியாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு. அந்த ஜூலையில் ரிலையன்ஸ் தரப்பு விலக, டெல்லி மெட்ரோவே இயக்கத்தை எடுத்துக்கொண்டது.

அடுத்த பதினொரு வருடம் வழக்கு. 2017-இல் நடுவர் தீர்ப்பாயம் ரிலையன்ஸ் தரப்புக்குச் சாதகமாக ரூ.2,782 கோடி கொடுக்கச் சொன்னது, வட்டி தனி. 2019-இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அதை ரத்து செய்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பாயம் சொன்னதே சரி என்றது. 2024 ஏப்ரலில், மிக அபூர்வமாகவே வெற்றி பெறும் சீராய்வுக்குப் பிந்தைய கடைசி மனுவில், அதே உச்ச நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பை மாற்றி டெல்லி மெட்ரோ பக்கம் நின்றது. வட்டியோடு சேர்ந்து தொகை அப்போது 8,000 கோடியை நெருங்கியிருந்தது. முக்கியக் காரணம் என்ன தெரியுமா? ஆணையர் கொடுத்த அந்த அனுமதிக் கடிதம். சட்டப்படியான அதிகாரி நேரில் பார்த்து "ஓட்டலாம்" என்று கொடுத்த சான்றைத் தீர்ப்பாயம் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கியது தவறு, முக்கியமான சாட்சியத்தைப் பார்க்காமல் எழுதிய முடிவு நிற்காது என்றார்கள்.

வக்கீல்கள் ஒரே கடிதத்தை இரண்டு விதமாகப் படித்தார்கள். ஒருவர் "ஓட்டலாம்" என்ற சொல்லை அடிக்கோடிட்டார், இன்னொருவர் "50 கி.மீ." என்ற எண்ணை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. இரண்டும் உண்மை. அந்தப் பாலம் 50 கி.மீ. வேகத்துக்குப் பாதுகாப்பானது, 100-க்கு இன்னும் நிரூபிக்க வேண்டும். பாதுகாப்பு என்பது எப்போதும் இப்படி ஒரு வேகத்தோடும் ஒரு நிபந்தனையோடும் சேர்ந்தே வரும். பல வருடப் பரிசோதனைக்குப் பிறகு 2023 செப்டம்பரில் அதே தடத்தில் 120 கி.மீ. வேகத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பத்து வருடப் பரிசோதனை பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடவில்லை, ஆனால் ஒழுங்குமுறை உண்மையில் வேலை செய்தது அங்கேதான்.

இப்போது பலவீனமான இடத்துக்கு வருகிறேன். வாடகைக் காருக்கும் பள்ளி வேனுக்கும் குறித்த காலத்துக்கு ஒருமுறை எஃப்.சி. எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஆர்.டி.ஓ. பிடித்து நிறுத்துவார். மெட்ரோவுக்குத் திறப்புச் சான்றிதழ் அந்த மாதிரிக் காலாவதி ஆவதில்லை. சட்டத்தில் ஆணையருக்கு அவ்வப்போது ஆய்வு செய்யும் வேலையும் எழுதியிருக்கிறது, ஆனால் மத்திய அரசு பணிக்கும்படி. விபத்தை விசாரிக்கும் அதிகாரமும் இருக்கிறது. பாதை ஆபத்தானது என்றால் மூடச் சொல்லும் அதிகாரம் மத்திய அரசுக்கு. எழுத்தில் எல்லாம் சரிதான். நடைமுறையில், நாடு முழுக்க வருடந்தோறும் புதுப்புதுப் பாதைகள் திறக்க வரிசையில் நிற்கும்போது, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆணையர்களின் நேரம் எங்கே போகும் என்று யூகிப்பது கடினமில்லை. கொடியசைக்கத் தேதி குறித்த பாதைக்கு அழுத்தம் கொடுக்க ஆள் இருக்கிறது. பத்து வருடமாக ஓடும் பாதையைப் போய்ப் பாருங்கள் என்று சொல்ல யாரும் இல்லை.

ஓடும் பாதையில்தான் விதவிதமான சிக்கல் வரும். 2023 டிசம்பரில் டெல்லி இந்தர்லோக் நிலையத்தில் ஒரு பெண்ணின் சேலை ரயில் கதவில் சிக்கி, ரயில் கிளம்பி, இழுபட்டு, சில நாளில் இறந்துபோனார். ஆணையர் விசாரணைக்குப் போனது. மெட்ரோ கதவு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது ஏன் நடந்தது என்று புரியும். எல்லாக் கதவுகளும் மூடிப் பூட்டிக்கொண்டன என்ற மின்சுற்று முழுமையானால்தான் ரயில் நகரும். கை, பை, குடை நடுவில் இருந்தால் கதவு உணர்ந்து திரும்பத் திறக்கும். ஆனால் மெல்லிய துணி கதவின் ரப்பர் விளிம்புக்குள் அடங்கிவிடும். கதவுக்குத் தான் முழுதாக மூடிவிட்டதாகவே தோன்றும். சுற்று முழுமை, ரயில் கிளம்பும். சேலையும் துப்பட்டாவும் வேட்டியும் கட்டும் ஊரில் இது திறப்பு ஆய்வின்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. இரண்டு அடுக்கில் தடுக்கலாம். ஒன்று, கண்ணாடியிலோ திரையிலோ பிளாட்பாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளப்பும் ஓட்டுநர். இன்னொன்று, பிளாட்பாரத்திலேயே தனிக் கண்ணாடிக் கதவு. சென்னையின் முதல் கட்டத்தில் சுரங்க நிலையங்களில் அந்தக் கதவு இருக்கிறது, மேம்பால நிலையங்களில் இல்லை. இரண்டாம் கட்டம் ஓட்டுநர் இல்லாத ரயில் என்பதால் மேம்பால நிலையங்களிலும் வைக்கிறார்கள்.

அதே டெல்லியில் 2017 டிசம்பரில் இன்னொன்று. ஒரு புதுப் பாதைக்குப் பிரதமர் கொடியசைக்க ஆறு நாள் இருக்கும்போது, காளிந்தி குஞ்ச் பணிமனையில் ஒரு ரயில் பின்னோக்கி உருண்டு சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்து தொங்கியது. பிரேக்கைச் சோதிக்காமல் நகர்த்திய ஊழியர் தவறு என்றார்கள். பயணிகள் யாரும் இல்லை, தப்பித்தது. பாதை குறித்த நாளில் திறந்தது. ஆய்வில் தேறிய அமைப்பும் பணிமனையில் ஒரு சோம்பலான பொழுதுக்குத் தாங்காது என்பதற்கு, ரயில் சுவரைத் துளைத்துத் தொங்கும் அந்தப் புகைப்படம் போதும்.

கட்டுமான வேலை நடக்கும்போது ஏற்படும் விபத்துகள் இந்த ஆணையரின் வட்டத்துக்குள் வருவதே இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. 2009-இல் டெல்லி ஜம்ருத்பூரில் பாலம் சரிந்தது, 2023-இல் பெங்களூரு நாகவாராவில் தூணின் கம்பிக்கூடு சாய்ந்து தாயும் குழந்தையும் இறந்தது, 2025 ஜூனில் சென்னை ராமாபுரம் பக்கம் கர்டர் விழுந்து பைக்கில் போனவர் இறந்தது எல்லாம் நிறுவனத்தின் சொந்த விசாரணை, போலீஸ் வழக்கு, அபராதம் என்றுதான் போகும். "பாதுகாப்பு ஆணையர் என்ன பண்ணிக்கிட்டிருந்தார்" என்று திட்டுபவர்கள் தப்பான முகவரிக்குத் திட்டுகிறார்கள்.

ஓடும் பாதையைக் கண்காணிக்க வேறு எப்படி முடியும் என்று கேட்டால், வாஷிங்டனைப் பார்க்கலாம். அமெரிக்கா இதில் நம்மைவிட முன்னோடி என்று நினைத்துவிடாதீர்கள். நீண்ட காலத்துக்கு அங்கே நிலைமை நம்மைவிட மோசம். நகர ரயில்களுக்கு மானியம் கொடுத்த மத்திய அரசுக்கு, அவற்றின் பாதுகாப்புக்கு விதி போடச் சட்டப்படி தடை இருந்தது. கண்காணிப்பு மாநிலங்களிடம். வாஷிங்டன் மெட்ரோ மூன்று அரசுகளின் எல்லைக்குள் ஓடுவதால் மூவரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். சொந்த அலுவலகம் இல்லை, உத்தரவு போடும் அதிகாரம் இல்லை.

2009 ஜூன் 22 மாலை, ஃபோர்ட் டோட்டன் நிலையத்துக்கு அருகில் நின்றுகொண்டிருந்த ரயில்மீது பின்னால் வந்த ரயில் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். சிக்னல்காரர்கள் அனைவரும் பாடமாகப் படிக்கும் விபத்து அது. தண்டவாளத்தில் மின்சாரம் அனுப்பி, ரயில் அங்கே நிற்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கும் கருவி பழுதாகி, நின்ற ரயிலைக் காணவே இல்லை. தடம் காலி என்று நினைத்த அமைப்பு பின்னால் வந்த ரயிலுக்கு முழு வேகம் கொடுத்தது. ஓட்டுநர் முன்னால் ரயிலைப் பார்த்து பிரேக் பிடித்தார், தூரம் போதவில்லை. விசாரணையில் வெளிவந்ததுதான் இன்னும் கொடுமை: 2005-இலேயே இதே மாதிரி ஒரு பழுதில் ரயில்கள் மோதவிருந்து தப்பியிருக்கின்றன, அதைக் கண்டுபிடிக்க நிறுவனமே ஒரு சோதனை முறை எழுதி வைத்திருக்கிறது, அப்புறம் அதை யாரும் பயன்படுத்தவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை.

அதன் பிறகு 2012-இல் சட்டத்தை மாற்றினார்கள். 2015-இல் மத்திய அரசே நேரடியாக வாஷிங்டன் மெட்ரோவின் மேற்பார்வையை எடுத்துக்கொண்டது. 2019-இல் மேரிலாந்து, வர்ஜீனியா, வாஷிங்டன் மூன்றும் சேர்ந்து அமைத்த புது பாதுகாப்பு ஆணையம் பொறுப்புக்கு வந்தது. இதற்குச் சொந்த ஊழியர்கள், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகும் உரிமை, ரயிலை நிறுத்தச் சொல்லும் அதிகாரம்.

அதற்குச் சோதனை 2021 அக்டோபரில் வந்தது. ஒரு ரயில் தடம் புரண்டது. பார்த்தால், அதே ரயில் அதே நாளில் முன்னதாகவே தடம் விலகித் தானாகத் திரும்ப ஏறி ஓடியிருக்கிறது. காரணம், அச்சில் இருக்கும் சக்கரங்கள் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. அந்த ரகப் பெட்டிகளில் இந்தக் குறை சில வருடமாகவே தென்பட்டிருந்தும் ஆணையத்துக்குச் சொல்லவில்லை. ஆணையம் யோசிக்கவில்லை. அந்த ரகப் பெட்டிகள் 748-ஐயும் ஒரே இரவில் ஓட்டத்திலிருந்து எடுக்கச் சொன்னது. மொத்தப் பெட்டிகளில் பாதிக்கும் மேல். திங்கட்கிழமை காலை அலுவலகம் போனவர்கள் நீண்ட நேரம் காத்திருந்தார்கள், மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள், திட்டித் தீர்த்தார்கள். ஆணையம் அசையவில்லை.

நம் ஊரில் இப்படி ஒரு உத்தரவைக் கற்பனை செய்து பாருங்கள். ஓடும் ரயில்களில் பாதியை நாளைக் காலையிலிருந்து நிறுத்து என்று. சட்டத்தில் வழி இருக்கிறது, நான் முன்பு சொன்ன மூடும் அதிகாரம். ஆனால் அதற்கு ஆணையர் அறிக்கை அனுப்பி, மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும். அந்த மத்திய அரசு மெட்ரோவின் பாதி உரிமையாளர். 2012-இல் அணு விஞ்ஞானி அனில் காகோட்கர் தலைமையிலான குழு, இந்தியாவில் ரயில் பாதுகாப்புக்குச் சட்டப்பூர்வமான தனி ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவர்கள் பேசியது ரயில்வேயைப் பற்றி, ஆனால் வாதம் மெட்ரோவுக்கும் அப்படியே பொருந்தும். அது நடக்கவில்லை. ஆணையர்களாக வருபவர்கள் பெரும்பாலும் ரயில்வே பொறியாளர்களாக இருந்து வருபவர்கள். திறமைக்குக் குறைவில்லை, தடமும் சிக்னலும் தெரிந்தவர்கள்தான் பார்க்க வேண்டும். ஆனால் அவர்களுக்குக் கீழே நிரந்தரமாக ஆய்வு செய்யும் ஒரு படை இல்லை என்பதுதான் குறை. வாஷிங்டன் ஆணையத்தின் ஆட்கள் ஒரே ஒரு மெட்ரோவைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உறுத்துகிறது. அங்கே விபத்து விசாரணை ஆவணங்கள், தணிக்கை அறிக்கைகள் பொதுமக்கள் படிக்கக் கிடைக்கின்றன. சக்கரம் நகர்ந்த கதையை நான் இங்கே உட்கார்ந்து எழுத முடிவதே அதனால்தான். நம் மெட்ரோ திறப்பு ஆய்வின் நிபந்தனைப் பட்டியல் வழக்கமாக மக்கள் கைக்கு வருவதில்லை. "சான்றிதழ் கிடைத்தது" என்ற ஒரு வரிதான் வரும்.

அதனால், அடுத்த முறை உங்கள் பகுதிப் பாதை திறக்கும்போது, சான்றிதழ் வந்ததா என்பதோடு நிறுத்தாமல், எந்த வேகத்துக்கு அனுமதி, எந்தெந்த நிபந்தனையோடு, எவற்றுக்குக் கெடு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மத்திய, மாநில அரசுகளின் நிறுவனம் என்பதால் சென்னை மெட்ரோவுக்கு அந்தச் சட்டம் பொருந்தும், கட்டணம் பத்து ரூபாய். திறந்து ஒரு வருடம் கழித்து இன்னொரு மனு: அந்த நிபந்தனைகளில் எத்தனை நிறைவேறின, நிறைவேறியதை ஆணையர் வந்து பார்த்தாரா, அல்லது நிறுவனம் எழுதிக் கொடுத்ததோடு முடிந்ததா? முதல் மனுவைவிட இரண்டாவது மனுவுக்கு வரும் பதில்தான் சுவாரசியமாக இருக்கும்.